புது கிளப்பில் தடுமாறும் ஹாஃப்பேக்: ஒரு தாயின் கடிதமும் பதிலும்

கேள்வி: சிட்னியின் மேற்குப் பகுதியில் வசிக்கிறோம். என் மகனுக்கு 20 வயது. ஏழு வயதிலிருந்து ஒரே கிளப்பில் ரக்பி லீக் ஆடியவன். ஹாஃப்பேக், ஏழாம் எண் சட்டை. ஹரோல்ட் மேத்யூஸ், எஸ்.ஜி. பால் என்ற இளையோர் போட்டிகளில் அணியை நடத்தியதே அவன்தான். போன நவம்பரில் குயின்ஸ்லாந்தில் ஒரு கிளப்போடு இரண்டு வருட ஒப்பந்தம் போட்டுக்கொண்டு போனான். ஜனவரியில் தொடையின் பின்தசை கிழிந்து ஆறு வாரம் ஓடவில்லை. சீசன் தொடங்கியதும் ஆறாம் எண் கொடுத்து இடது பக்கம் ஆடவிட்டார்கள். ஏழாம் எண்ணில் அங்கேயே வளர்ந்த ஒரு பையன். இரண்டு மாதம் ஆடினான், எதுவும் சரியாக வரவில்லை, இப்போது பெஞ்சில் இருக்கிறான். முன்பெல்லாம் பந்தை வைத்துக்கொண்டு ஓடுவான். இப்போது கைக்கு வந்த உடனே தள்ளிவிடுகிறான். போன் செய்தால் ‘ஓகே’ என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. “திரும்பி வந்து படிப்பை முடிக்கட்டும்” என்கிறார் என் கணவர். “ஜோனதன் தர்ஸ்டன் கிளப் மாறின முதல் வருஷமே, வருஷத்தின் சிறந்த வீரருக்கான டாலி எம் வாங்கினாரே” என்கிறார் கொழுந்தனார். பழைய கிளப் அவனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், ஆனால் இந்த மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று அவனுடைய மேனேஜர் சொல்கிறார். நான் கோச்சிடம் பேசலாமா? அவனைக் கூட்டி வந்துவிடலாமா? உண்மையில் அவனுடைய திறமையே அவ்வளவுதானா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று கேள்விகளில் கடைசிதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். அதனால் அதற்கே முதலில் வருகிறேன்.

நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்ட விஷயம்தான் எனக்குக் கடிதத்திலேயே முக்கியமாகப் பட்டது. ஜனவரியில் ஆறு வாரம் ஓடவில்லை என்கிறீர்களே, அது. வேறு இடத்தில் ஆடும் பையனுக்கு அது வெறும் காயம். ஓரத்தில் ஓடும் விங்கர் என்றால் கால் ஆறியதும் வந்து ஓடிவிடலாம். ஆட்டத்தை நடத்துகிறவனுக்கு அப்படி இல்லை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வெயிலில் நடக்கும் அந்தப் பயிற்சிக் காலத்தில்தான் அவனுடைய வேலையே உருவாகிறது. அதில் ஆறு வாரம் உங்கள் மகன் ஓரத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டு இருந்திருப்பான்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை, இந்த ஆட்டம் பழகாத வாசகர்களுக்காகவும் சேர்த்து, கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ரக்பி லீகில் ஒரு அணிக்கு 13 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து நிறுத்துவது) வரை அவகாசம், அதற்குள் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றினால் ட்ரை, 4 புள்ளி. ஐந்தாவது டேக்கிள் முடிந்ததும் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள். இந்த ஆறு வாய்ப்பையும் எப்படிச் செலவழிப்பது என்று முடிவு செய்பவர்கள் நான்கு பேர்: ஒன்று, ஆறு, ஏழு, ஒன்பது எண்காரர்கள். ஃபுல்பேக், ஃபைவ்-எய்த், ஹாஃப்பேக், ஹூக்கர். ‘ஸ்பைன்’ என்று இவர்களைச் சேர்த்துச் சொல்வார்கள்.

இப்போது ஒரு சாதாரண நகர்வை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகன் பந்தை வாங்கி எதிரணித் தடுப்பை நோக்கிப் போகிறான். அவனுக்கு வெளியே செகண்ட்-ரோ ஆள் (ஓரத்தில் ஓடும் முன்களக்காரர்) நேராகப் பாய்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் ஃபுல்பேக் சுற்றிக்கொண்டு வருகிறார். பாய்கிறவருக்குக் கொடுப்பதா, பின்னால் வருபவருக்கு அனுப்புவதா, தானே இடைவெளியில் நுழைவதா? முடிவெடுக்க ஒரு நொடிகூடக் கிடையாது. இதில் கவனிக்க வேண்டியது, அவன் பார்வை எதிரணித் தடுப்பாளர்மேல் இருக்கிறதே தவிர, தன் ஆட்கள்மேல் இல்லை. செகண்ட்-ரோ எப்போது கிளம்புவார், எந்தத் தோள் பக்கம் சாய்வார், ஃபுல்பேக் எத்தனை எட்டு பின்னால் இருப்பார் என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும், பார்க்காமலே. ஏழு வயதிலிருந்து கூட ஆடிய பையன்களோடு அது அவனுக்குத் தெரிந்திருந்தது. இப்போது தெரியவில்லை. பாடகர் எங்கே மூச்சு விடுவார் என்று தெரியாமல் மேடையேறிய மிருதங்கக்காரரின் நிலைமை அவனுக்கு.

அதாவது ஆட்டத்தை நடத்துகிறவனின் திறமையில் பெரிய பங்கு அவன் உடம்புக்குள் இல்லை. அவனுக்கும் கூட இருக்கும் நாலைந்து பேருக்கும் நடுவில் இருக்கிறது. கிளப் மாறும்போது அதைப் பெட்டியில் கட்டி எடுத்துப் போக முடியாது. அங்கே போய் முதலிலிருந்து கட்ட வேண்டும். கட்டுவதற்கான காலத்தைத்தான் அந்தத் தொடைக் காயம் தின்றுவிட்டது. ஆகவே “திறமை அவ்வளவுதானா” என்ற கேள்விக்கு இந்த இரண்டு மாத ஆட்டத்தை வைத்துப் பதில் சொல்ல யாராலும் முடியாது. சொல்கிறவர்கள் அவசரப்படுகிறார்கள்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. பக்கம் மாறியிருக்கிறான். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் இத்தனை வருடம் வலப்பக்கம் தள்ளிப் பழகிய பாஸ் இப்போது இடப்பக்கம் போக வேண்டும். மூலைக்கு உதைக்கும் கோணம் மாறுகிறது. தடுப்பில் அவன் நிற்கும் இடமும் அந்த ஓரத்துக்கு மாறுகிறது, டேக்கிளில் முதலில் மோதும் தோள்கூட மாறுகிறது. போதாதற்கு, கூப்பிட்டு ஆட்டத்தை நகர்த்தும் குரல் இப்போது ஏழாம் எண்காரருடையது. அணிக்குத் தலைமைக் குரலாக இருந்து பழகிய பையன் இரண்டாம் குரலாக இருக்கக் கற்றுக்கொள்கிறான். அது தனி வேலை. சிலருக்கு அது வருவதே இல்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கொழுந்தனார் சொன்ன தர்ஸ்டன் கதைக்கு வருவோம். அவர் சொன்னது உண்மைதான். 2005இல் புல்டாக்ஸிலிருந்து நார்த் குயின்ஸ்லாந்து கௌபாய்ஸுக்குப் போன தர்ஸ்டன் அதே வருடம் டாலி எம் பதக்கம் வாங்கினார். ஆனால் அவர் போகும்போதே மூன்று சீசன் முதல்நிலை ஆட்டம் ஆடியிருந்தார். போன இடமும் அந்தரத்தில் இல்லை. முந்தைய 2004இல்தான் அந்த அணி இறுதி ஆட்டத்துக்கு ஒரு படி கீழே வரை வந்து ரூஸ்டர்ஸிடம் 19-16 என்று தோற்றிருந்தது. கிட்டத்தட்டக் கட்டி முடிந்த வீட்டுக்குள் அவர் போனார். நிலைமையே வேறு.

எனக்கு உங்கள் மகனைப் பற்றி யோசிக்கும்போது நினைவுக்கு வருவது மிட்செல் மோசஸ். உங்கள் பகுதிக்காரர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. 2014இல் வெஸ்ட்ஸ் டைகர்ஸில் தொடங்கி, 2017இல் சீசன் நடுவில் உங்கள் மேற்கு சிட்னி அணியான பாரமட்டாவுக்கு மாறினார். முதல் சில மாதம் நன்றாகப் போனது, அணி நான்காவதாக முடித்தது. அடுத்த வருடம் 2018இல் அதே அணி கடைசி இடம். அப்போது அவரைப் பற்றிப் பேசாத பேச்சில்லை. 2019இல் டாலி எம் விருதுகளில் அந்த ஆண்டின் சிறந்த ஹாஃப்பேக் அவர்தான். நடுவில் அவர் கைகால் மாறிவிடவில்லையே.

ஜரோம் ஹியூஸ் இன்னும் மெதுவான கதை. 2013இல் கோல்ட் கோஸ்ட் டைட்டன்ஸில் ஒரே ஒரு முதல்நிலை ஆட்டம். 2016இல் கௌபாய்ஸில் இன்னொரு ஆட்டம். 2017இல் மெல்பர்ன் ஸ்டார்ம் போய், ஃபுல்பேக்காக ஆடி, அப்புறம் ஏழாம் எண்ணுக்கு வந்தார். 2024இல் 30ஐத் தொடும் வயதில் டாலி எம் வாங்கினார். இந்தப் பெயர்களை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இதே பாதையில் போய்க் காணாமல் போனவர்கள் இவர்களைவிட அதிகம். 20 வயதில் எட்டு ஆட்டத்தை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுத முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, அவன் என்ன செய்யலாம்? “கைக்கு வந்த உடனே தள்ளிவிடுகிறான்” என்று எழுதியிருந்தீர்கள். ஆட்டத்தை நன்றாகக் கவனிக்கும் தாய் நீங்கள். நம்பிக்கை இழந்த ஹாஃப் (ஆறு அல்லது ஏழாம் எண்காரர்) செய்கிற முதல் காரியம் அதுதான். தடுப்புக்கு நெருங்கிப் போகாமல் தூரத்திலேயே பந்தைக் கைமாற்றிவிடுவான். தப்பு தன் கையில் நடக்காதே! ஆனால் அவன் ஓடமாட்டான் என்று தெரிந்த கணமே எதிரணித் தடுப்பாளர் அவனை விட்டுவிட்டு வெளியே நகர்ந்துவிடுவார். அப்புறம் பாஸ் வாங்குகிற சென்டருக்கு இடமே இருக்காது. பார்க்கிறவர்களுக்குப் பாஸ் மோசம் என்று தெரியும். கோளாறு பாஸுக்கு முன்னாலேயே நடந்துவிட்டது.

அதனால் என்னிடம் வரும் இப்படிப்பட்ட பையன்களுக்கு நான் பெரிய மந்திரம் எதுவும் சொல்வதில்லை. களத்தில் இறங்கிய முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு தடவை பந்தை எடுத்துக்கொண்டு ஓடு, இடிபடு, எழுந்திரு. ஓட்டத்தில் பத்து மீட்டர் கிடைத்ததா இரண்டு மீட்டர் கிடைத்ததா என்பது பொருட்டில்லை. நீ ஓடுவாய் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும், உனக்கும் நினைவு வர வேண்டும். இதைக் கோச்சிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்வது நல்லது.

அடுத்தது கவனம் எங்கே இருக்கிறது என்பது. வருடக்கணக்காகத் தானாக நடந்த ஒரு அசைவை, பதற்றத்தில் ஒவ்வொரு அங்கமாகக் கவனிக்கத் தொடங்கினால் அது குலைந்துவிடும் என்பது விளையாட்டு உளவியலில் நன்றாகத் தெரிந்த விஷயம். மணிக்கட்டு சரியா, கால் சரியா என்று பார்த்துக்கொண்டே பாஸ் கொடுப்பவனின் பாஸ் தாழ்ந்து போகும். அவன் கண்ணை வெளியே வைக்க வேண்டும்: எதிரே ஓரத்திலிருந்து மூன்றாவதாக நிற்பவர் முன்னே வருகிறாரா, பின்னே நிற்கிறாரா? அந்த ஒன்றை மட்டும் பார்த்தால் போதும், கை தன் வேலையைச் செய்துகொள்ளும். இரவில் அறையில் தனியாக உட்கார்ந்து தன் தப்புகளின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான் என்றால் (பெரும்பாலும் பார்ப்பார்கள்) அதை நிறுத்தச் சொல்லுங்கள். வீடியோவை இடது ஓரத்துச் செகண்ட்-ரோவோடும் சென்டரோடும் பகலில் உட்கார்ந்து பார்க்கட்டும். “நீ எப்போ கிளம்பறே? நான் எங்கே கொடுத்தா உனக்கு வசதி?” என்று கேட்கட்டும். பயிற்சி முடிந்ததும் அவர்கள் இருவரையும் ஹூக்கரையும் கால் மணி நேரம் நிறுத்தி வைத்துக்கொள்ளட்டும். புதுப் பையன் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. கேட்கத்தான் கூச்சம். பழைய கிளப்பில் கேட்க வேண்டிய அவசியமே வந்ததில்லை இல்லையா?

பேச்சு என்றதும் ஹாஃப்பேக் கூப்பர் கிரான்க்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மெல்பர்னில் எல்லாம் சாதித்துவிட்டு, 34 வயதில் 2018இல் சிட்னி ரூஸ்டர்ஸுக்கு வந்தார். முதல் ஆட்டத்திலேயே வெஸ்ட்ஸ் டைகர்ஸிடம் 10-8 தோல்வி. அப்பேர்ப்பட்டவருக்கே புது அணி உடனே கைகூடவில்லை. அதே வருட இறுதி ஆட்டம் அவருடைய பழைய அணிக்கு எதிராக. தோள்பட்டை எலும்பு முறிந்த நிலையில் இறங்கினார். பந்தைத் தொட்டது மிகக் குறைவு. எண்பது நிமிடமும் கையைக் காட்டிக் காட்டி, கத்திக் கத்தி மற்றவர்களை நகர்த்தினார். 21-6 என்று ரூஸ்டர்ஸ் ஜெயித்தது. உங்கள் மகன் பெஞ்சில் இருக்கும் இந்த வாரங்களில் பயிற்சியின்போது அவன் குரல் கேட்கிறதா? கோச்சுகள் கவனிப்பது அதைத்தான். பந்து வராத நாளிலும் பேச முடியும்.

கோச்சிடம் நீங்கள் பேசலாமா என்றால், வேண்டாம். அக்கறை புரிகிறது. ஆனால் 20 வயதுப் பையனுக்காக அம்மா போன் செய்தார் என்பது அந்த உடைமாற்றும் அறைக்குள் போய்ச் சேர அரை நாள் ஆகாது. அவனே போகட்டும். போய் “ஏன் என்னை எடுக்கவில்லை” என்று கேட்கக் கூடாது. அதற்கு எந்தக் கோச்சும் பூசிமெழுகித்தான் பதில் சொல்வார். “இந்த அணியில் ஆறாம் எண்காரன் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? அடுத்த நாலு வாரத்தில் நான் மாற்றிக்கொள்ள வேண்டிய ஒரே ஒரு விஷயம் எது?” இந்த இரண்டும் போதும். இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை எழுதி வைத்துக்கொண்டு, நாலு வாரம் கழித்து அதே ஆளிடம் திரும்பப் போக வேண்டும்.

கிளப்பில் ‘வெல்பீயிங்’ பணியாளர் ஒருவர் இருப்பார். குடியிருப்பு, படிப்பு, மனநிலை எல்லாம் அவர் பொறுப்பு. கோச்சிடம் சொல்ல முடியாததை அவரிடம் சொல்லலாம். உங்கள் கணவரின் கவலைக்கும் அங்கேதான் விடை இருக்கிறது. படிப்பைப் பற்றி அவர் சொல்வதில் தப்பே இல்லை. சொல்லும் நேரமும் தொனியும்தான் இடிக்கிறது. “ஆட்டம் வரலைன்னா படிக்க வா” என்றால் அது தண்டனையாகக் காதில் விழும். அங்கிருந்தபடியே ஒன்றிரண்டு பாடம் எடுத்துப் படிக்கட்டும். வாரத்தில் சில மணி நேரமாவது ரக்பி தெரியாத மனிதர்கள் நடுவில் இருப்பது அவன் ஆட்டத்துக்கே நல்லது. ஒரு நாள் முழுக்க ஆட்டத்தையே நினைத்துக்கொண்டிருப்பவனுக்கு ஒரு மோசமான பாஸ் ஒரு மோசமான வாழ்க்கையாகத் தெரியும்.

போனில் பேசும்போது ஆட்டத்தை நீங்களாக எடுக்காதீர்கள். “இந்த வாரம் இருக்கியா?” என்று கேட்கவே வேண்டாம், அணிப் பட்டியல் இணையத்திலேயே வரும். சமைத்தானா, வீட்டில் கூட இருக்கும் பையன்கள் எப்படி, கார் சர்வீஸ் விட்டானா, இப்படி ஏதாவது. அவன் ‘ஓகே’ என்றால் நீங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருங்கள். கோயிலில் பார்க்கிறவர்கள் “எப்ப டிவியில வருவான்?” என்று கேட்டால் அதை அவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள். நம் ஆட்களில் இந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் அபூர்வம் என்பதால் எல்லோருக்கும் பெருமை. அந்தப் பெருமையின் பாரம் முழுக்க ஒரு பையன் தலைமேல்.

ஆனால் சில விஷயங்களைச் சும்மா விடக் கூடாது. தூக்கம் இரண்டு வாரத்துக்குமேல் கெட்டிருந்தால், தனியாகக் குடிக்கிறான் என்று தெரிந்தால், சூதாட்ட ஆப்பில் பணம் போவது தெரிந்தால், யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால், அது ஃபார்ம் பிரச்சினை இல்லை. ஜிபியை, அதாவது குடும்ப மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மனநலச் சிகிச்சைத் திட்டம் எழுதிக் கொடுத்தால் வருடத்துக்குப் பத்து அமர்வுகள் வரை அரசின் மெடிகேர் உதவித்தொகை கிடைக்கும். “நான் இல்லாமல் இருந்தால் நல்லது” என்ற தொனியில் ஒரு வார்த்தை வந்தாலும் அன்றே கிளம்பிப் போங்கள். லைஃப்லைன் எண் 13 11 14, எந்த நேரமும் எடுப்பார்கள். உடனடி ஆபத்து என்றால் 000.

தலைவலி, வெளிச்சம் கூசுவது, எரிச்சல், மறதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஹாஃப்களைக் குறிவைத்துத்தான் பெரிய உடம்புக்காரர்களை ஓடவிடுவார்கள். சொல்லாமல் மறைத்த ஒரு தலையடி மனச்சோர்வு போலவே காட்சி தரும். 2023 முதல் என்ஆர்எல் எனும் தேசிய ரக்பி லீக் போட்டியில் மூளை அதிர்ச்சி உறுதியானால் 11 நாள் ஆடக்கூடாது என்பது பொதுவிதி. இடத்துக்குப் போராடும் பையன்கள் அந்த 11 நாளுக்குப் பயந்தே சொல்ல மாட்டார்கள். அணி மருத்துவரிடம் சொல்வது இடத்தை இழப்பதாகாது என்று நீங்கள்தான் அழுத்திச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, கூட்டி வருவது. மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் எதுவும் இல்லையென்றால், என் கருத்து: இப்போது வேண்டாம். நடு சீசனில் திரும்பினால் பழைய கிளப்பில் அவன் விட்டுவந்த இடத்தில் இப்போது வேறொருவன் ஆடிக்கொண்டிருப்பான். பழைய கூட்டாளிகளில் பாதிப் பேர் நகர்ந்திருப்பார்கள். அங்கும் அவன் மறுபடி கட்ட வேண்டியதுதான். இப்போதைய கிளப்பில் அவனுக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி இருக்கிறது. அடுத்த நவம்பரில் காயமில்லாமல் முழுப் பயிற்சிக் காலமும் ஆடிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் கோச் வெளிப்படையாக “நீ என் திட்டத்தில் இல்லை” என்று சொன்னால் தாராளமாக வரலாம். அப்போது அது ஓடி வருவதாக இருக்காது. இதெல்லாம் என் கருத்துதான். முடிவு அவனுடையது. அவனிடம் கேட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை.

மேனேஜர் இந்த மாதத்துக்குள் என்று அவசரப்படுத்துவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீரர் கைமாறினால் மேனேஜருக்கும் அதில் பங்கு உண்டு. அதற்காக அவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை, அவருடைய தொழில் அது. பழைய கிளப் தருவதாகச் சொல்வதை எழுத்தில் கேளுங்கள்: எந்தத் தகுதி அணி, எத்தனை வருடம், எவ்வளவு, இப்போதைய கிளப் எழுத்துபூர்வமாக விடுவிக்கிறதா? எழுத்தில் வராவிட்டால் அப்படி ஒரு வாய்ப்பு இருப்பதாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்போதைய ஒப்பந்தத்தின் நகல் உங்கள் வீட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே மகனிடம் ஒரு பிரதி அனுப்பச் சொல்லி, காயம், விடுவிப்பு பற்றிய பகுதிகளை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.